குடியை நிறுத்தும் முதல் வாரம்: வீட்டார் செய்யக் கூடாத தவறுகள்

மாலை போட்டுவிட்டார், இனி 48 நாளும் தொடமாட்டார் என்று வீடே நிம்மதியாகிறது. மூன்றாம் நாள் ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சுவரில் பூரான் ஊர்கிறது என்கிறார். சாமி வந்திருக்கிறது என்பார் ஒருவர், காற்று கருப்பு என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. வருடக்கணக்கில் தினமும் குடித்துப் பழகிய மூளை, மது திடீரென நின்றதால் தவிக்கிறது.

மது மூளையை மந்தமாக்கும். அதை ஈடுகட்ட மூளை எப்போதும் கூடுதல் வேகத்திலேயே ஓடப் பழகிவிடும். மது நின்ற பிறகும் அந்த வேகம் உடனே குறையாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் போனதும் நடுக்கம் தொடங்கலாம். முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். இதற்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். காலையில் கொஞ்சம் ஊற்றினால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் டாக்டர் துணையில்லாமல் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. விரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

என்னை மிகவும் வருத்துவது இன்னொரு தவறு. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். "குடிப்பாரா?" என்று கேட்டால், மானம் போகுமே என்று "எப்பவாவது" என்பார்கள். மூன்றாம் நாள் அவர் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓடப் பார்க்கும்போதுதான் உண்மை வெளியே வரும். தயவுசெய்து அளவைக்கூட மறைக்காதீர்கள். "ஒரு குவார்ட்டர்தான்" என்பது சின்ன அளவே இல்லை. 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லி என்றால், உள்ளே போவது கிட்டத்தட்ட 60 கிராம் சுத்த ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம். பீருக்கு மாறிவிட்டார், பரவாயில்லை என்று நினைப்பதும் தவறுதான்.

சோர்ந்து கிடக்கிறாரே, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும் என்று பக்கத்து கிளினிக்குக்கு அழைத்துப் போவார்கள். நெடுநாள் குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைந்திருக்கும். குளுக்கோஸைப் பயன்படுத்த உடம்புக்கு அது வேண்டும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம், ஞாபகசக்தி நிரந்தரமாகப் போகவும் வாய்ப்புண்டு. குடிப்பழக்கத்தை அங்கேயும் சொன்னால்தான் டாக்டர் முதலில் பி1 ஊசி போடுவார்.

அப்புறம், 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸ்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் சொல்லித்தான் அதைக் கொடுக்க வேண்டும். குழம்பில் ரகசியமாகக் கலந்தால் அவர் வெளியே போய்க் குடிப்பார், எங்கேயோ மயங்கி விழுவார்.

தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அதன் மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஆனால் வலிப்போ, புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.