ஆணி கன் வாங்கப் போறீங்களா? கரண்டா, காத்தா?

வெலைய பாக்குறதுக்கு முன்னாடி என்ன மரம்னு பாருங்க. ப்ளைவுட், எம்டிஎஃப் (மர நார அழுத்தி செஞ்ச பலகை), பீடிங் (ஓரத்துல அடிக்கிற மெல்லிசான மரப்பட்டி) மட்டும்னா கரண்ட் கன்னே போதும், ப்ளக்க சொருகுனா வேலை ஆரம்பிச்சிடலாம். ஆனா தேக்கு, வேப்ப மரம்னா கஷ்டம், காட்பாடில எங்க வீட்டு பழைய தேக்கு சட்டத்துல கரண்ட் கன்ல 30 எம்எம் ஆணி அடிச்சப்ப பாதி ஆணிக்கு தலை வெளியவே நின்னுச்சு, அப்புறம் சுத்தியல் வெச்சிகினு ஒவ்வொண்ணா தட்டுனேன்.

காத்துல ஓடுற 18 கேஜ் (ஆணியோட தடிமன் அளவு) கன் பொதுவா 50 எம்எம் வரைக்கும் அடிக்கும், கைக்கும் லேசு. காத்த அழுத்தி டேங்க்ல நிரப்புற கம்ப்ரசர் தனியா வாங்கணும், சத்தம் ஜாஸ்தி, வீட்டுக்கு 24 லிட்டர் டேங்க் தாராளம். மொதல்ல காத்தோட அழுத்தத்த 70 பிஎஸ்ஐ வெச்சு வேஸ்ட் கட்டைல அடிச்சு பாருங்க, பத்தலன்னா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கன்ல போட்டிருக்குற அளவ தாண்டவே கூடாது. நம்ம வேலூர் வெயில்ல திடீர்னு கரண்ட் போனாலும் டேங்க்ல இருக்குற காத்துல இன்னும் கொஞ்சம் ஆணி அடிச்சிக்கலாம், எனக்கு அதுவே பெரிய வசதி.

சாயங்காலம் டேங்க் அடி வால்வ தொறந்து தண்ணிய வடிச்சிடுங்க, இல்லன்னா உள்ள துரு புடிச்சிடும். எந்த கன்னா இருந்தாலும் கண்ணுக்கு பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம் போடுங்க, ஆணி சிக்குனா காத்து ஓஸையோ ப்ளக்கையோ கழட்டாம கை வெக்காதீங்க.