ஒரு சாண் பைப்பு: சின்னக் கம்ப்ரசர் டிசைனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் டிப்ளமா முடித்த இரண்டு தம்பிகள், தாங்களே செய்த கம்ப்ரசரை ஆட்டோவில் வைத்து வியாசர்பாடியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நீல பெயின்ட், வழவழவென்று மூலைகள், ஒரு சூட்கேஸ் அளவுதான் இருக்கும். "செம காம்பாக்ட்டுணா" என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஹெட்டிலிருந்து (சிலிண்டரின் மேல்மூடி) டேங்குக்கு ஒரு சாண் நீளத்தில், நேராக, அழகாக ஒரு காப்பர் பைப். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே பைப்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எர்த் போடாதது, ஃபேனுக்கு ஜாலி வைக்காதது, ஃபில்டரைத் துடைக்காதது இதையெல்லாம் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரே சொல்லிவிடுவார். வரையும்போது சரியாகத் தெரிந்து, டெலிவரி கொடுத்த பிறகு காலை வாரும் விஷயங்கள் சில இருக்கின்றன. அதைப் பற்றித்தான் பேச்சு. கணக்குக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம்: 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்.பி.எம்., ஆயில் இல்லாத இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 20 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 25 லிட்டர் டேங்க், டேங்க் அழுத்தம் 6 பாருக்கு இறங்கினால் ஆன், 8 பாருக்கு ஏறினால் ஆஃப்.

லேபிளில் எந்த லிட்டர்?

மேலே சொன்ன அளவுக்கு ஒரு சுற்றுக்கு 78.5 சி.சி. வருகிறது. 1440-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 113 லிட்டர். இது பிஸ்டன் நகரும் இடம், அவ்வளவுதான். வெளியே வரும் காற்று வேறு. 113 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றால், ஸ்பிரே அடிப்பவர் இரண்டாம் நாளே கன்னைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

பேக்கிங்தானே என்று நினைப்பது

சின்ன ஸ்ட்ரோக் மெஷினில் ஹெட் பேக்கிங்கின் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் ஷீட்) தடிமன் ஒரு டிசைன் அளவு. கையில் கிடைத்த ஷீட்டை வெட்டிப் போடக் கூடாது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கு அடியில் மிஞ்சும் காற்று வெளியே போகாது. பிஸ்டன் இறங்கும்போது அது விரிந்து, புதுக் காற்று உள்ளே வர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

20 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 1 மி.மீ. கூடுதல் பேக்கிங் என்றால் 5 சதவீதம் கூடுதல் இடைவெளி. 5 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 8 பாரில், வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால், அழுத்த விகிதம் 9. இடைவெளி 4 சதவீதமாக இருந்தபோது சிலிண்டர் சுமார் 82 சதவீதம் நிரம்பும். அதை 9 சதவீதமாக்கினால் சுமார் 60-தான் நிரம்பும். ஒரு மில்லிமீட்டர் ஷீட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக் காற்றுக்கு மேல் காலி. ரிங் தேய்ந்துவிட்டது, ரீட் வால்வு (ஹெட்டில் இருக்கும் தகட்டு வால்வு) உட்காரவில்லை என்று ஒரு வாரம் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன்.

ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் பைப்பைக் குறைப்பது

இதை மட்டும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

ராயபுரத்தில் ஒரு பல் டாக்டர், வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் அடங்குகிற மாதிரி கம்ப்ரசர் கேட்டார். அவர் சொல்லி, தெரிந்த கிளினிக்குகளிலிருந்து இன்னும் ஐந்து ஆர்டர் வந்தது. அதுவரை நான் செய்த மெஷினில் ஒரு மீட்டர் காப்பர் பைப் இரண்டு வளையமாக மோட்டாரைச் சுற்றிவந்து டேங்குக்குள் போகும். யாரோ செய்ததைப் பார்த்துச் செய்த அமைப்பு. ஏன் அவ்வளவு நீளம் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. இடத்தை அடைக்கிறது, செம்பு விற்கிற விலையில் தண்டம் என்று 15 செ.மீ. ஆக்கிவிட்டேன். பெட்டி 6 செ.மீ. ஒடுங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டறையில் ஆறு மெஷினும் பூப்போல ஓடின. ஓடாமல் என்ன செய்யும்? காலி டேங்கில், மெயின் போர்டிலிருந்து பத்தடி தூரத்தில் பிளக்கைச் செருகி அல்லவா பார்த்தேன்.

மூன்றாவது வாரம் டாக்டரிடமிருந்து போன். "ம்ம்ம்னு முனகுதுங்க, ஓட மாட்டேங்குது. பேஷன்ட் வாயைத் திறந்துகிட்டு படுத்திருக்கார்." போய்ப் பார்த்தால் அலமாரி முழுக்க வார்னிஷ் கருகிய வாடை. தண்டையார்பேட்டையில் காயில் கட்டும் பெரியவரிடம் மோட்டாரைக் கொடுத்துக் கட்டிப் போட்டேன். அடுத்த மாதம் அதே மோட்டார் மறுபடி போனது. அப்புறம் இன்னொரு கிளினிக்கில் ஒன்று. கம்பி கேஜைக் குறைத்துவிட்டீர்களா என்று பெரியவர் மேலேயே பழியைப் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடுன்னா எவன்பா ஓடுவான்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மோட்டாரின் கன்டென்சரை (கெபாசிட்டர்) பெரிதாக்கினேன். ஒரு மெஷினில் ஒன்றரை எச்.பி. மோட்டாரே போட்டேன். அதுவும் கொஞ்ச நாள் ஓடிவிட்டு முனக ஆரம்பித்தது.

பெரியவர் சொன்ன கழுத்து அந்த பைப்தான். அது மூன்று வேலை செய்கிறது.

முதல் வேலை, மோட்டாருக்கு மூச்சு விட நேரம் கொடுப்பது. மெஷின் நிற்கும்போது பிரஷர் சுவிட்சில் இருக்கும் அன்லோடர் 'புஸ்' என்று பைப்பில் இருக்கும் காற்றை வெளியே விடும். டேங்க் காற்றை டேங்க் வாயில் இருக்கும் என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடும் வால்வு) தடுத்துக்கொள்ளும். ஆக, திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது பிஸ்டனுக்கு எதிரே இருப்பது காலி பைப். 10 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு மீட்டர் பைப் 78.5 சி.சி. கொள்ளும். நம் மெஷின் ஒரு சுற்றில் தள்ளுவதும் அதே அளவு. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் பைப்பில் கிட்டத்தட்ட ஒரு பார் ஏறும். டேங்கின் 6 பாரை எட்ட ஐந்தாறு சுற்று ஆகும், அதற்குள் மோட்டார் வேகம் பிடித்துவிடும். 15 செ.மீ. பைப் கொள்வது 12 சி.சி. கூட இல்லை. முதல் சுற்றிலேயே 6 பார் எதிரே வந்து நிற்கும்.

இந்த மாதிரிச் சின்ன ஆயில் இல்லாத மெஷின்களில் பெரும்பாலும் கன்டென்சர் எப்போதும் லைனிலேயே இருக்கும் மோட்டார்தான் போடுகிறோம். அதன் ஸ்டார்ட்டிங் டார்க் (கிளம்பும்போது சுழற்றும் விசை), முழு லோடு டார்க்கைவிடக் குறைவு. ஓட ஆரம்பித்தால் இழுக்கும், நின்ற நிலையிலிருந்து இழுக்காது. வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் காயிலைக் கழற்றிவிடும் சென்ட்ரிஃபுகல் சுவிட்ச் உள்ள மோட்டார் இதைவிட வலுவாகக் கிளம்பும். ஆனால் அது முக்கால் வேகத்தை எட்டாவிட்டால் சுவிட்ச் திறக்காது, ஸ்டார்ட்டிங் காயில் லைனிலேயே கிடந்து வெந்துபோகும். இதில் வோல்டேஜ் வேறு. டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. சந்துக்குள்ளே நீளமாக இழுத்த ஒயரில், மே மாதச் சாயங்காலம் 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், டார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போயே போச்சு.

இரண்டாவது வேலை, ஆற வைப்பது. 32 டிகிரியில் உள்ளே போகும் காற்றை ஒரே ஸ்டேஜில் 8 பாருக்கு அழுத்தினால், சூடு எங்கேயும் போகாத பட்சத்தில் கணக்குப்படி கிட்டத்தட்ட 300 டிகிரி வரும். ஹெட்டின் ஃபின்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்றாலும், வெளியே வருவது நிஜமாகவே கையைப் பொசுக்கும் காற்று. ஃபேன் காற்றில் நிற்கும் ஒரு மீட்டர் செம்பு அதை ஆற்றிவிடும். ஒரு சாண் பைப் அப்படியே கொண்டுபோய் என்.ஆர்.வி.யின் ரப்பர் சீட்டில் ஊற்றும். என் மெஷினில் சீட் பிஸ்கட் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. சீட் கசிந்தால் டேங்க் காற்று பைப்புக்குத் திரும்பும், மெஷின் நின்ற பிறகும் அன்லோடரில் 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் ஓயாது. இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதற்கும் மூன்றாவது வாரம் முனகியதற்கும் நடுவில் நடந்தது இதுதான். ஒன்றரை எச்.பி. போட்டபோதும் அதே கதை.

அந்தச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அன்லோடர் டியூபைக் கழற்றி பிளக் அடித்துவிட்டு வந்த ஒருவரையும் எனக்குத் தெரியும். சத்தம் நின்றது. மோட்டாரும் நின்றது.

மூன்றாவது, அதிர்வைத் தாங்குவது. நேரான குட்டைக் குழாய் ஆட ஆட இறுகி, ஃப்ளேர் பண்ணிய கழுத்தில் விரிசல் விடும். வளையமாக இருந்தால் ஸ்பிரிங் போல விட்டுக்கொடுக்கும்.

எனவே பைப்பை நீட்டமாகவே விடுங்கள். ஃபேன் காற்று படுகிற இடத்தில் சுற்றுங்கள், டேங்கை நோக்கிச் சரிவாக வையுங்கள். அன்லோடர் டியூப் என்.ஆர்.வி.க்கு ஹெட் பக்கம்தான் இருக்க வேண்டும். டேங்க் பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் டேங்க் காலியாகும் (அதையும் செய்தவர்கள் உண்டு). காலி டேங்கில் டெஸ்ட் செய்யாதீர்கள். டேங்கில் 6 பார் ஏற்றி, வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து 190 வோல்ட்டுக்கு இறக்கி, மெஷின் நன்றாகச் சூடான பிறகு பத்துத் தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஒரு தடவை முனகினாலும் டெலிவரி கொடுக்காதீர்கள்.

ஆறு மெஷின், பதினான்கு தடவை வைண்டிங். பெரியவர் கடைசி நான்குக்குக் காசு வாங்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

டேங்கைச் சுருக்குவது

மேலே சொன்னதோடு ஒட்டிய விஷயம். 25 லிட்டர் டேங்கில் 6-க்கும் 8-க்கும் நடுவில் இருப்பது 50 லிட்டர் காற்று. மெஷின் நிமிடத்துக்கு 80 லிட்டர் கொடுத்து, வேலைக்கு 40 போனால், 75 விநாடி ஓடும், 75 விநாடி நிற்கும். மணிக்கு 24 ஸ்டார்ட். டேங்கைப் பாதியாக்கினால் 48. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் பல மடங்கு கரண்டை இழுக்கிறது, அந்தச் சூடு காயிலுக்குள்ளேதான் சேர்கிறது.

சத்தத்துக்காகப் பெட்டியை மூடுவது

ஃபோம் ஒட்டி இறுக்கமாக மூடினால் சத்தம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஃபேன் ஊதிய சூட்டுக் காற்றையே ஹெட் திரும்ப உறிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள். உள்ளே போகும் காற்று 32-லிருந்து 50 டிகிரி ஆனால் வெளியே வரும் காற்றின் சூடு அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 34 டிகிரி கூடும். கூடவே காற்றின் எடையும் 5 சதவீதத்துக்கு மேல் குறையும். உறிஞ்சும் குழாயைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். சூடு வெளியேறும் வாய் எதிர்ப் பக்கம் இருக்கட்டும்.

தண்ணீரை மறப்பது

நம்ம ஊர்க் காற்று பாதி தண்ணீர். 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 25 கிராம் நீராவி. நிமிடத்துக்கு 80 லிட்டர் மெஷின் ஒரு மணி நேரம் விடாமல் ஓடினால் 120 கிராம் உள்ளே போகும். டேங்க் 40 டிகிரியில் இருந்தால் அதில் 90 கிராமுக்கு மேல் அடியில் தேங்கும். டீக்கடை கிளாஸில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் காக்கை எட்டுகிற இடம் என்று பக்கவாட்டில் வைக்காதீர்கள், அடியில் வையுங்கள். குனிய முடியாது என்றால் அங்கிருந்து ஒரு டியூப் இழுத்து முன்னால் கொண்டுவரலாம். காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் அடிப்பவருக்குக் கொடுத்த டேங்கை இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தேன். வெளியே உப்பு, உள்ளே துரு. திரும்ப வெல்டு வைக்காமல் உடைத்துப் போடச் சொல்லிவிட்டேன்.

பழைய கேஸ் சிலிண்டரை டேங்காக்குவது

வேண்டாம்.

டேங்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவில் காக்

கூடவே கூடாது.

லைனுக்கு பி.வி.சி. பைப்

வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும். அவ்வளவுதான்.

டேங்கைக் காற்றால் டெஸ்ட் செய்வது

தண்ணீரால் செய்யுங்கள். தண்ணீர் பிய்ந்தால் கால் நனையும். காற்று பிய்ந்தால் கால் இருக்காது.

தம்பிகள் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் மெஷினிலேயே 6 பாரில் வைத்து 190 வோல்ட்டில் சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். முனகியது. பெரியவன் முகம் சுருங்கிவிட்டது. சின்னவன் டேப்பை எடுத்து மோட்டாரைச் சுற்றி அளந்தான். ஒரு மீட்டர் வளைத்தால் பெட்டி 7 செ.மீ. அகலமாக வேண்டும். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: "பெயின்ட் அடிச்சிட்டோமேணா?"