வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றாதீர்கள்

தொட்டிச் செடி வாடி நின்றால் கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடுகிறது. வீட்டுச் செடிகள் பல சாவது இந்தப் பழக்கத்தால்தான். மண் காய்ந்தாலும் செடி வாடும்; நீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகினாலும் அதே போலத்தான் வாடும். முதலில் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி துவண்டு கிடந்தால் கோளாறு வேரில்.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு மணிபிளான்டின் அடி இலைகள் மஞ்சளடித்தன. தொட்டியைக் கவிழ்த்ததும் சாக்கடை நாற்றம். ஒரு வேரைப் பிடித்து உருவினேன். மேல்தோல் கொழகொழவென்று கழன்று வந்தது, உள்ளே நூல் போல நரம்பு மட்டும் மிச்சம். நல்ல வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அழுகிய வேரையெல்லாம் வெட்டி, பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் நட்டேன். மூன்று வாரத்தில் துளிர்த்தது. அந்தப் பழைய மண்ணை இன்னொரு தொட்டியில் போட்டுவிடாதீர்கள். நோயும் கூடவே போகும். இலை மஞ்சளாகிறதே என்று உரம் வைப்பதும் தவறு. அழுகிய வேரால் அதை உறிஞ்ச முடியாது. உரத்தின் உப்பு மிச்ச வேரையும் கருக்கிவிடும்.

செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக இருந்தால் பலர் பூஞ்சை என்று நினைத்து பூஞ்சைக்கொல்லி அடிக்கிறார்கள். அது பூச்சி, மாவுப்பூச்சி. பூஞ்சை மருந்துக்கு அது சாகாது. கடும் விஷத்துக்கும் தாவ வேண்டாம். 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடவில்லை. 2010-இல் கொண்டுவந்து விட்ட, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. விஷம் அந்தக் குளவியையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

மாவுப்பூச்சிக்கு அடிக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் சில சொட்டு சோப்புக் கரைசல், பிறகு 5 மில்லி வேப்பெண்ணெய். சோப்பில்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். சாயங்காலம் அடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். ஒரு தடவையோடு விட்டுவிடுவதும் தவறுதான், முட்டைகள் பிழைத்துப் பொரிக்கும். வாரம் ஒரு முறையென மூன்று நான்கு தடவையாவது வேண்டும். தண்டில் எறும்பு ஊர்ந்தால் அதையும் தடுக்க வேண்டும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது.

ரோஜா இலையில் வரும் கரும்புள்ளி நோய் ஈர இலையில்தான் பரவும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள். உதிர்ந்த புள்ளி இலைகளைத் தொட்டியிலேயே மக்க விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

நர்சரியிலிருந்து வந்த செடியை அன்றே மற்றவற்றோடு சேர்த்து வைக்க வேண்டாம். இரண்டு வாரம் தனியே இருக்கட்டும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கை அடிக்கடி பாருங்கள்; மாவுப்பூச்சி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.