போன் வாங்கும் முன் விளம்பரத்தை எப்படிப் பார்ப்பது?

கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பின்பக்கக் கண்ணாடியில் கீறல் விழுந்து வரும் போன்களைக் கழற்றும்போதெல்லாம் கவரைத் திருப்பிப் பார்ப்பேன். பலவற்றில் நிறுவனத்தின் முத்திரை வெளியே தெரிவதற்காகவே வட்டமாக ஒரு துளை வெட்டியிருக்கும். அந்தத் துளை வழியாக மணல் புகுந்து, சரியாக அந்த இடத்தில்தான் கீறியிருக்கும். போனைக் காக்க வாங்கிய கவர், முத்திரையைக் காட்டுவதற்காகப் போனைக் கைவிட்டுவிடுகிறது. இது எனக்கு மனவருத்தம் தருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுப் போன் வாங்க ஆசை வந்ததும் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போனின் விளம்பரத்தை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். போன் தெரியும் நொடிகளை ஒரு பக்கமும், மனிதர்களும் இடங்களும் மட்டும் தெரியும் நொடிகளை இன்னொரு பக்கமும் குறியுங்கள். 1997இல் ஆப்பிள் வெளியிட்ட புகழ்பெற்ற தொலைக்காட்சி விளம்பரத்தில் காந்தி வந்தார், ஐன்ஸ்டைன் வந்தார், பிக்காசோ வந்தார். கணினி ஒன்றுகூட வரவில்லை. அந்த வரிசையில் நீங்களும் நிற்கலாம் என்பதுதான் அங்கே விற்பனைக்கு வந்த சரக்கு. பாட்டு கேட்க ஆப்பிள் விற்ற ஐபாட் என்ற சிறு கருவிக்கு 2003இல் வந்த விளம்பரத்தில் ஆடுகிறவர்களுக்கு முகமே இல்லை. பளிச்சென்ற வண்ணத்தில் கறுப்பு நிழலுருவம், அதில் வெள்ளை வயர். முகம் இல்லாத இடத்தில் பார்ப்பவர் தம் முகத்தை வைத்துக்கொள்ளலாம். அப்போது இயர்போன் என்றால் பெரும்பாலும் கறுப்புதான். ஐபாட் சட்டைப் பைக்குள் கிடந்தாலும், எதிர்ச் சாரியில் போகிறவருக்கு அந்த வெள்ளை வயர் சேதி சொல்லிவிடும்.

அடுத்து, முத்திரை யாரைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஆப்பிள் மடிக்கணினிகளில் ஒரு காலத்தில், மூடி வைத்திருக்கும்போது உரிமையாளருக்கு நேராகத் தெரியும்படி முத்திரை இருந்தது. திறந்தால் எதிரே இருப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். பிறகு அதைத் திருப்பிவிட்டார்கள். இப்போது திறந்து வேலை செய்யும்போது எதிரே இருப்பவருக்குத்தான் நேராகத் தெரிகிறது. காசு கொடுத்தவர் கண்ணில் படுவதேயில்லை.

பிறகு உங்கள் போனின் செட்டிங்ஸில் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. ஒரு வார நேரத்தை அதே தாளில் எழுதுங்கள். சென்ற மாதம் ஒரு நர்சிங் மாணவியை இப்படி எழுதச் சொன்னேன். அம்மாவுடன் வீடியோ அழைப்பு, பாடக் குறிப்புகள், பஸ்ஸில் கேட்கும் பாட்டு, அவ்வளவுதான் இருந்தது. அவள் கேட்டு வந்த போனின் விளம்பரத்திலோ பனிமலையும் இரவு வானமும். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேட்டரி எதில் அதிகம் நிற்கும், அண்ணா?" என்று கேட்டாள்.

எல்லாம் பார்த்த பிறகும் அதே போன்தான் பிடிக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை, அதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் போதும். பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுவிடுங்கள்: திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு ஆகும்? மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டு வரும்? பதிலைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.