புரட்டாசியில் ஹெல்சின்கி: வடிவமைப்பு நிறுவனத்தின் பணியாளர் உணவகத்தில் மதிய உணவு உண்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் நம் குடும்பங்கள் பல, செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வரும் பள்ளி விடுமுறையைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த நாட்கள் அப்படியே புரட்டாசிக்குள் அடங்குபவை. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் மாதம் முழுவதும் கறி மீன் தொடாத வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, வெளிநாட்டில் மதிய வேளை வந்தாலே ஒரு கலக்கம் பிடித்துக்கொள்ளும். சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகங்களில் விலை கூடுதலாகவும் காய்கறி குறைவாகவும் இருப்பதைப் பார்த்துவிட்டு, ரொட்டியும் வாழைப்பழமுமாகப் பொழுதை ஓட்டியவர்களை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பின்லாந்தில் வேலை செய்பவர்கள் நண்பகலில் எங்கே உண்கிறார்களோ அங்கே போய் உண்பதுதான் நல்ல வழி. அத்தகைய இடங்களில் நான் முதலில் சொல்வது, மாரிமெக்கோ என்னும் துணி வடிவமைப்பு நிறுவனம் ஹெல்சின்கியின் ஹெர்ட்டோனியெமி பகுதியில் தன் தலைமையகத்தில் வைத்திருக்கும் பணியாளர் உணவகத்தை.

அதன் பெயர் மாரித்தோரி. 'மாரி' என்பது அங்கே ஒரு பெண்ணின் பெயர். 'மெக்கோ' என்றால் கவுன். 'தோரி' என்றால் சந்தைத் திடல். மாரியம்மனைக் கும்பிடும் நம் காதுக்கு அந்தப் பெயர் அந்நியமாகவே ஒலிக்காது. நிறுவனத்தை 1951-இல் ஆர்மி ராத்தியாவும் அவருடைய கணவர் வில்யோ ராத்தியாவும் தொடங்கினர். 1964-இல் மாயா இசோலா வரைந்த, பெரிய கசகசாப் பூக்கள் கொண்ட 'உனிக்கோ' வடிவத்தை, பெயர் தெரியாவிட்டாலும் பார்த்த மாத்திரத்தில் பலரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். துணி அச்சிடும் ஆலையும் அலுவலகமும் ஒரே வளாகத்தில் இருப்பதால், அச்சுக்கூடத்தில் நிற்பவரும் வடிவம் வரைபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்கிறார்கள். வெளியாரும் பணம் கொடுத்து அதே வரிசையில் சேரலாம்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இது வேலை செய்பவர்களுக்கான உணவகம் ஆதலால் திங்கள் முதல் வெள்ளி வரை, மதிய உணவு நேரத்தில் மட்டுமே நடக்கிறது. சனி ஞாயிறுகளில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஜூலையில் போக எண்ணுபவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நமக்குக் குளிர்கால விடுமுறை வரும் அதே ஜூலைதான் பின்லாந்துக்காரர்களுக்குப் பொது விடுமுறை மாதம். அப்போது பணியாளர் உணவகங்கள் பல மூடப்படுகின்றன அல்லது நேரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஜூன் பிற்பகுதியில் வரும் நடுக்கோடைத் திருநாளன்று நகரமே காலியாகிவிடும். புறப்படும் நாளன்று காலையில் நிறுவனத்தின் இணையதளத்தில் நேரத்தையும் அன்றைய உணவுப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

நாளைப் போலவே மணியும் முக்கியம். நாம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள். அங்கே பதினொரு மணிக்கே மதிய உணவு தொடங்கிவிடுகிறது. கோடை நேரக் கணக்கில் ஹெல்சின்கி நம்மைவிட ஒரு மணி நேரம்தான் முன்னே ஓடுகிறது. குளிர்காலத்தில் அந்த வேறுபாடும் இல்லை. ஆகவே உறக்கம் கெடாது. ஆனால் செப்டம்பரில் அவர்களுடைய பதினொரு மணி நம் வயிற்றுக்குப் பத்து மணி என்பதால், விடுதியில் காலை உணவை எளிதாக முடித்துக்கொள்வது நல்லது. என் அனுபவத்தில் பன்னிரண்டரை மணி தாண்டிப் போவதே சிறந்தது. பணியாளர்களின் முதல் கூட்டம் அதற்குள் கலைந்துவிடும். சூடான உணவும் தீர்ந்திராது. இதைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் பெரியம்மா டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதியில் ஒரு தையல் ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். மணி அடித்தால் அரை மணி நேரம். அதற்குள் கை கழுவி, டப்பாவைத் திறந்து, ரொட்டியும் பீன்ஸ் கறியும் உண்டு, காலை நீட்டி ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரம் தொழிலாளிக்கு எவ்வளவு பெரிது என்பதை அவரிடம் கேட்டு வளர்ந்ததால், பதினொன்றரை மணிக் கூட்டத்தில் நாம் ஆறு பேராகப் போய் ஒரு மேசையை அடைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

போகும் வழி எளிது. மத்திய ரயில் நிலையத்துக்கு அடியில் உள்ள ரௌத்தாத்தியென்தோரி நிலையத்தில், கிழக்கு நோக்கிச் செல்லும் எந்த மெட்ரோவிலும் ஏறலாம். வுவோசாரி, மெல்லுன்மாகி என இரு முனைகளுக்கும் போகும் வண்டிகள் ஹெர்ட்டோனியெமியைக் கடந்த பின்னரே பிரிகின்றன. கலசாதமா நிலையத்தைத் தாண்டியதும் வண்டி கடலின் மீது பாலத்தில் ஓடும். அடுத்தது குலோசாரி, அதற்கடுத்தது நீங்கள் இறங்க வேண்டிய இடம். ஏ, பி ஆகிய இரு கட்டண வட்டங்களுக்கான பயணச்சீட்டே போதும். ஒற்றைச் சீட்டு 80 நிமிடம்தான் செல்லும் என்பதால், உண்டு முடித்துத் திரும்புவதற்குள் அது காலாவதியாகிவிடக் கூடும்; நாள் சீட்டு வாங்கிக்கொள்வது மேல். நிலையத்திலிருந்து கிர்வெஸ்மிஹென்காத்து 7 என்னும் முகவரிக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தெருப் பெயருக்குத் 'தச்சர் தெரு' என்று பொருள். சுற்றியுள்ள தெருக்களுக்கும் கடைசல்காரர் தெரு, மெக்கானிக் தெரு என்று தொழிலாளர் பெயர்களே சூட்டியிருக்கிறார்கள். பகட்டான கடைவீதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்; இது தொழிற்பேட்டை.

உள்ளே போனதும் சற்று ஓரமாக நின்று, முன்னே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொதுவாகத் தட்டப்பலகை (டிரே), தட்டு, கரண்டி ஆகியவற்றை நாமே எடுத்துக்கொண்டு, காய்கறிக் கலவை, ரொட்டி, சூடான உணவு என்று வரிசையாகப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரே விலையில் இவை அனைத்தும் அடங்கும். குடிநீரும் பெரும்பாலும் காப்பியும்கூட அதில் சேர்த்தி. பணியாளர்கள் பலர் நிறுவனம் தரும் மதிய உணவு அட்டையில் செலுத்துவார்கள் என்பதால், எப்படிச் செலுத்துகிறீர்கள் என்று காசாளர் கேட்டால் வங்கி அட்டையைக் காட்டினால் போதும். அன்பளிப்புக் காசு வைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

விரதக்காரர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது உணவின் பெயர்ப்பலகையைத்தான். அங்குள்ளவர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் பலகை பின்னிஷ் மொழியில் மட்டும் இருக்கும் நாட்களும் உண்டு. அதற்காகப் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'கஸ்விஸ்' என்று தொடங்கினால் அது காய்கறி உணவு. 'லிஹா' என்றால் இறைச்சி. 'கலா' என்பது நம் வீட்டுப் பெண் பெயர். அங்கே அது மீன். 'கனா' என்றால் கோழி, 'நௌதா' மாட்டிறைச்சி, 'சிகா' பன்றி, 'கிங்க்கு' பன்றித்தொடை, 'போரோ' பனிமான். 'பெருனா' என்பது உருளைக்கிழங்கு, 'மைதோ' பால். விரதம் இல்லாத மாதத்திலும் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் 'யௌஹெலிஹா' என்னும் கொத்திறைச்சியை விட்டு விலகியிருப்பது நல்லது. பின்லாந்தில் பன்றியும் மாடும் கலந்த கொத்திறைச்சி மிகப் பரவலான பொருள். முட்டைக்கு அவர்கள் 'கனன்முனா', அதாவது கோழிமுட்டை, என்று சொல்வதால் சொல்லின் முன்பாதியை மட்டும் படித்துக் குழம்ப வேண்டாம். முட்டையும் ஒதுக்குபவர்கள் அந்தச் சொல்லையும் தேடிப் பார்க்க வேண்டும்.

பெயருக்கு அருகில் சில எழுத்துகளும் காணப்படும். 'எல்' என்றால் பாலின் லாக்டோஸ் சர்க்கரை நீக்கப்பட்டது, 'வி எல்' என்றால் அது குறைக்கப்பட்டது, 'எம்' என்றால் பால் சேராதது, 'ஜி' என்றால் கோதுமை முதலியவற்றில் உள்ள பசைப்புரதம் இல்லாதது. இவற்றுள் எதுவும் இறைச்சி இல்லை என்று சொல்வதில்லை. இறைச்சி உருண்டையின் மேலும் 'எம்', 'ஜி' என்று எழுதியிருக்கும்.

வியாழக்கிழமையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று பட்டாணிச் சூப்பும் அதற்குப் பின் அடுப்பில் சுட்ட தடித்த இனிப்பு அப்பமும் பரிமாறுவது பின்லாந்து முழுவதும் உள்ள பழைய வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு நகரத்தில் ஓர் அலுவலக உணவகத்தில், பச்சையாகக் கெட்டியாக ஆவி பறந்துகொண்டிருந்த அந்தச் சூப்பைக் கண்டு, நம் வீட்டுப் பருப்பை நினைத்துக்கொண்டு, "இது காய்கறியா?" என்று கேட்டேன். பரிமாறியவர் "ஆம், பட்டாணி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். இரண்டாவது கரண்டியில் இளஞ்சிவப்பு நார் ஒன்று பல்லில் தட்டுப்பட்டபோதுதான், அந்தச் சூப்பில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம் என்பது எனக்குத் தெரியவந்தது. அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. அன்றிலிருந்து "காய்கறியா?" என்று நான் கேட்பதே இல்லை. "இதில் இறைச்சி, மீன், முட்டை ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இறைச்சியோ மீனோ வெந்த நீரில் வேகவைத்தீர்களா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சமையலறைக்குள் போய்ப் பார்த்து வந்து சொல்பவர்களே மிகுதி.

காரம் இருக்காது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். உப்பும் மிளகும் சோம்புக்கீரை வாசமும்தான் சுவைக்கு. பையில் மாங்காய் ஊறுகாய் வைத்திருந்தாலும் அங்கே அதைத் திறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிறர் உண்ணும் அறையில் அந்த வாசம் பரவுவது முறையன்று. இன்னொன்று, பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை இருப்பதால், நெய்யை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அதற்கு ஈடாகக் கம்பு நிறத்தில் இருக்கும் ரை ரொட்டியை வெண்ணெய் தடவி உண்டு பாருங்கள். புளித்த மாவின் அந்தப் புளிப்பு நம் நாக்குக்குப் பழகியதே. குடிப்பதற்கு 'பீமா' என்று எழுதியிருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அது கெட்டி மோர். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கலக்கினால் வெயிற்காலத்து ஆயாவின் சொம்பு நினைவுக்கு வரும். அதன் அருகிலேயே பழுப்பு நிறத்தில் 'கோதிகல்யா' என்ற பானமும் இருக்கலாம். அது முளைகட்டிய தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்வது, சிறிதளவு மதுச்சத்து கொண்டது என்பதால் விரதத்தில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

உட்கார்ந்ததும் உடனே உண்ணத் தொடங்காமல், கையில் இருக்கும் தட்டைப் பாருங்கள். சாமி ருவோத்சலாய்னன் உருவம் கொடுத்து 2009-இல் வெளிவந்த 'ஓய்வா' என்னும் பாத்திர வரிசை அது. தட்டையான, விளிம்பில் அதிக வேலைப்பாடு இல்லாத வெள்ளைப் பீங்கான் பாத்திரம். அதன்மேல் மாயா லோவெகாரி வரைந்த 'ரேசுமாத்தோ' வடிவம் அச்சிட்டிருந்தால், கறுப்பு வட்டங்கள் வரிசை வரிசையாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, கையால் வைத்த நடுக்கத்தோடு நிற்பதைக் காண்பீர்கள். கோலத்துக்கு வைத்த புள்ளிகளைக் கோடு இழுக்காமல் விட்டுவிட்டதைப் போல இருக்கும். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு பார்த்தபோது எனக்கு அது சாதாரணமாகவே தோன்றியது. மசித்த உருளைக்கிழங்கை ஒதுக்கியபோது அடியிலிருந்து ஒரு வட்டம் எட்டிப் பார்த்தது. ரொட்டியால் குழம்பை வழித்தபோது அதற்கடுத்த வட்டம் வந்தது. தட்டை வரைந்தவர் உண்பவரை மனத்தில் வைத்துத்தான் வரைந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. இதற்காகவே இவ்வளவு தூரம் வந்து உண்ணச் சொல்கிறேன். படம் எடுப்பதானால் உங்கள் தட்டையும் மேசையையும் மட்டும் எடுங்கள். பக்கத்தில் உண்பவரின் முகம் படத்தில் விழக் கூடாது.

வளாகத்திலேயே உள்ள ஆலைக் கடையில் துணியும் பாத்திரமும் சற்றுக் குறைந்த விலையில் கிடைக்கும். பைகளோடு வரிசையில் நிற்பது சிரமம் என்பதால், உண்டு முடித்த பிறகு போங்கள். ஒரே கடையில் 40 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் விற்பனை வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

தட்டப்பலகையை மேசையில் விட்டு எழுந்துவிடக் கூடாது. நம் ஊரில் எடுத்துவைக்க ஆள் இருப்பதால் இந்தப் பழக்கம் நமக்குக் குறைவு. அங்கே பெரிய அதிகாரியும் தன் தட்டைத் தானே கொண்டுபோய் வைக்கிறார். பாத்திரம் திருப்பும் இடத்தில் மிச்ச உணவையும் காகிதக் கைத்துடைப்பானையும் மக்கும் குப்பையில் தள்ளி, கரண்டியையும் முள்கரண்டியையும் அவற்றுக்கான தொட்டியில் போட்டு, தட்டையும் குவளையையும் தனித்தனியே அடுக்க வேண்டும். வேண்டிய அளவு மட்டும் பரிமாறிக்கொண்டு, போதாவிட்டால் இன்னொரு முறை எழுந்து போனால், தள்ளுவதற்கு எதுவும் மிஞ்சாது. சுவருக்கு அப்பால் பாத்திரம் கழுவுபவர் நிற்பார். அவரைப் பார்த்து 'கீத்தோஸ்', அதாவது நன்றி, என்று சொல்லிவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.