கேமராவை வாங்கிவிட்டு ஹவுசிங் தேடாதீர்கள்

போன மாதம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தான். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்து ஊர் திரும்பிய கையோடு, செகண்ட் ஹாண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தான். சுத்தமாக வைத்திருந்த பொருள், கீறல்கூட இல்லை. மேசைமேல் வைத்துவிட்டு, "ணா, இதுக்கு ஹவுசிங் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான்.

ஹவுசிங் என்றால் கேமராவை நனையாமல் தண்ணீருக்குள் கொண்டுபோகிற கூடு. மாடலைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. இந்த ஒரு வருடத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவன். நானும் இப்படித்தான் தொடங்கினேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேலத்துக்காரர்களுக்குக் கடல் தூரம். உளுந்தூர்பேட்டை வழியாகப் புதுச்சேரி போய்ச் சேரவே அரை நாள் போய்விடும். வருடத்துக்கு மூன்று பயணம், பயணத்துக்கு நான்கு டைவ், ஒரு டைவ் நாற்பத்தைந்து நிமிடம் என்று வைத்தால்கூட, வருடம் முழுக்க நாம் கேமராவோடு தண்ணீருக்குள் இருப்பது ஒன்பது மணி நேரம். அங்கே போய்த் தப்பு தெரிந்தால், அதைத் திருத்த அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

பேட்டரி சார்ஜ் போடாதது, மெமரி கார்டை மறந்தது, லென்ஸ் மூடியோடு ஹவுசிங்கைப் பூட்டியது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை பட்டால் மறு தடவை யாரும் செய்ய மாட்டார்கள்.

கேமரா முதலில், ஹவுசிங் பிறகு

2015 கடைசியில் 38,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய மிரர்லெஸ்ஸும் கிட் லென்ஸும் வாங்கினேன். விற்ற கடையில் ஹவுசிங் பற்றிக் கேட்டேன். "எல்லா மாடலுக்கும் ஆன்லைன்ல வருது சார்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் தேடிய பிறகுதான், அந்த மாடலுக்கு யாருமே ஹவுசிங் செய்யவில்லை என்று தெரிந்தது.

சரி என்று 4,500 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் பை வாங்கினேன். கேமராவை உள்ளே போட்டுச் சுருட்டிப் பூட்டுகிற வகை. எட்டு மீட்டர் ஆழத்தில் அந்தப் பை கேமராவைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அழுந்தியது. ஜூம் வளையத்தைத் திருப்பவே முடியவில்லை. லென்ஸ் முன்னால் இருந்த கண்ணாடித் தாள் மடிந்து, எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியது போல வந்தது.

அடுத்துச் செய்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. அதே கம்பெனியின் முந்தைய மாடலுக்கான ஹவுசிங் ஒன்று வேறு ஊரில் 22,000 ரூபாய்க்கு வந்தது. "ரெண்டும் ஒரே சைஸ்தான், உட்காரும்" என்றார் விற்றவர். உட்காரத்தான் செய்தது. ஆனால் ஷட்டரை அழுத்த வேண்டிய கம்பி மூன்று மில்லிமீட்டர் தள்ளி, கேமராவின் உடம்பில் போய் முட்டியது. பின்பக்கச் சக்கரத்தைத் திருப்ப வேண்டிய கம்பி எதையும் தொடாமல் வெறுமனே சுற்றியது. சைக்கிள் டியூப்பை வெட்டி, அந்தக் கம்பி நுனியில் ஒட்டி, மேசைமேல் வைத்து நூறு தடவை அழுத்திப் பார்த்தேன். வேலை செய்தது. கடலில் பன்னிரண்டு மீட்டரில் ஒரு ஆமை என் முன்னால் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தபோது அழுத்திய ஷட்டர் திரும்பி எழவில்லை. கார்டு நிரம்பும் வரை கேமரா மணலைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. ஆமை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே காற்று வாங்கப் போனது. மொத்தம் 64,500 ரூபாய் செலவழித்த பிறகும் சுவரில் மாட்ட ஒரு படம் இல்லை.

ஏன் இப்படி என்று அப்போது எனக்கு யாரும் விளக்கவில்லை. ஹவுசிங் என்பது கெட்டியான ஓடு. கேமராவில் எத்தனை பட்டன் உண்டோ, ஏறக்குறைய அத்தனை கம்பிகள் அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஒவ்வொரு துளைக்கும், தண்ணீர் புகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்று தனியாக உண்டு. கம்பிகளின் இடம் அந்த ஒரு மாடலின் பட்டன்களை அளந்து வைத்தது. அடுத்த மாடலில் பட்டன் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பழைய ஹவுசிங் உதவாது. டைவர்கள் அதிகம் வாங்கும் மாடல்களுக்கு மட்டும்தான் ஹவுசிங் செய்வார்கள். கேமரா சந்தையிலிருந்து போனால், கொஞ்ச நாளில் அதன் ஹவுசிங்கும் போய்விடும்.

கோப்ரோ என்கிற குட்டி ஆக்‌ஷன் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரோ 5, 6, 7 மூன்றும் ஒரே உடம்பு. ஹீரோ 8 வந்தபோது வடிவம் மாறிவிட்டது. ஹீரோ 9-ல் உடம்பு பெரிதானது, ஆனால் அதன் ஹவுசிங் 12 வரைக்கும் பொருந்தும். மலிவாக வருகிறதே என்று பழைய ஹீரோ 8-ஐ வாங்கினால், அந்த ஒரே மாடலுக்கான கூட்டைத் தேடி அலைய வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்துப் பழைய 9 அல்லது 10 வாங்கினால் அந்தக் கவலை குறைவு. கைக்கடக்கமான ஒலிம்பஸ் டிஜி-6-க்கும் 2023-ல் வந்த டிஜி-7-க்கும் பிடி-059 என்கிற ஒரே ஹவுசிங்தான். எனவே டிஜி-6-ஐ செகண்ட் ஹாண்டில் தைரியமாக வாங்கலாம். செலவைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும், ஹவுசிங்கோடு 45 மீட்டர். விரல் நகம் அளவுள்ள ஓடில்லாத கடல் நத்தையைக்கூடப் பக்கத்தில் போய் எடுக்கும்.

மிரர்லெஸ்தான் வேண்டும் என்றால் ஹவுசிங்கோடு கணக்கு முடியாது. லென்ஸுக்கு முன்னால் வரும் போர்ட் தனி. அகல லென்ஸுக்குக் குவிந்த கண்ணாடி, சின்ன உயிர்களைப் பக்கத்தில் எடுக்கிற மேக்ரோவுக்குத் தட்டைக் கண்ணாடி. ஜூம் லென்ஸ் என்றால் அதைத் திருப்பப் பல்சக்கர வளையம் ஒன்று. அலுமினிய ஹவுசிங் சாதாரணமாக ஒரு லட்சத்தைத் தாண்டும். பாலிகார்பனேட்டில் மலிவானவை உண்டு, பெரும்பாலும் 40 மீட்டர் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், நம் வேலைக்கு அது போதும். பல நேரம் கேமரா விலையைவிட அதைச் சுற்றி வாங்குவதன் விலைதான் கூடும்.

எனவே வரிசையை மாற்றுங்கள். எந்த ஆழம், என்ன படம், அதற்கு எந்த ஹவுசிங், அதன் உதிரி ஓ-ரிங் இங்கே கிடைக்குமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஹவுசிங் விற்பவரிடம் இது கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கேமரா கடைசி. அந்தத் தம்பியிடம் அன்று மாலையே கேமராவைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்களாம். முகம் வாடிப்போய்ப் போன் செய்தான். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

"பத்து மீட்டர் வாட்டர்ப்ரூஃப்"

முதல் முறை அனுபவத்துக்காக இறக்கிவிடுகிற டைவிலேயே 12 மீட்டர் வரை கூட்டிப் போவார்கள். ஓப்பன் வாட்டர் முடித்தவருக்கு 18 மீட்டர் வரை அனுமதி. கோப்ரோ ஹவுசிங் இல்லாமல் தாங்குவது 10 மீட்டர். கணக்கு அங்கேயே இடிக்கிறது. டிஜேஐ ஆக்‌ஷன் 4 வெறும் உடம்போடு 18 மீட்டர் என்கிறது. ஆனால் சரியாக விளிம்பில் வைத்து விளையாடாதீர்கள், அதற்கும் 60 மீட்டர் கூடு விற்கிறது.

மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் பாதி, 60 அடி, அதுதான் இந்த 18 மீட்டர்.

அழுத்தம் என்றால் என்ன என்று கண்ணால் பார்க்க ஏற்காடு போதும். மேலே காலித் தண்ணீர் பாட்டிலை இறுக்கி மூடிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் பாட்டில் ஒடுங்கிப் போயிருக்கும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் கூடுகிற அழுத்தம் இதைப்போல ஏழெட்டு மடங்கு. அந்தமானுக்கு விமானத்தில் போகும்போது ஹவுசிங்கைப் பூட்டாமல், ஓ-ரிங்கைக் கழற்றித் தனியே வைக்கச் சொல்வதும் இதே காற்றழுத்த வித்தியாசத்தால்தான். லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்.

போனுக்குப் பை

வேண்டாம். தொடுதிரை தண்ணீருக்குள் சொன்ன பேச்சைக் கேட்காது.

வெளிச்சத்துக்குக் காசு வைக்காதது

கையில் இருப்பதை எல்லாம் கேமராவில் போட்டுவிட்டு, லைட் அடுத்த வருடம் என்பார்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஐந்து மீட்டரிலேயே அது பெரும்பாலும் போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். என் பெல்ட்டில் உள்ள குங்குமச் சிவப்புப் பட்டை பதினைந்து மீட்டரில் கரித்துணி போலத் தெரியும். லைட்டை அதன்மேல் காட்டினால் அதே நொடியில் சிவந்து எழும். மூன்று லட்ச ரூபாய் கேமராவானாலும் அங்கே இல்லாத நிறத்தை எடுக்க முடியாது.

லைட் வாங்கும்போது வெளிச்சத்தின் அளவைச் சொல்கிற லூமென் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். வெளிச்சம் எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்று கேளுங்கள். டார்ச் மாதிரி குவிந்து விழுந்தால் நடுவில் வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் இருட்டுமாகப் படம் வரும். சிவப்பு ஃபில்டர் வாங்கியிருந்தால், லைட் போடும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

லைட்டைக் கேமராவுக்கு மேலேயே பொருத்துவது இன்னொரு தப்பு. டிசம்பர் பனியில் ஏற்காடு மலைப்பாதையில் ஹை பீம் போட்டு ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ரோடு மறைந்து, கண் முன்னால் வெள்ளைச் சுவர் நிற்கும். கடலில் மிதக்கும் தூசியும் அதையேதான் செய்யும், படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. கைபோல நீளும் கம்பியில் லைட்டை மாட்டிப் பக்கவாட்டில் விலக்கி வையுங்கள்.

ஜூம்

தொடாதீர்கள். கிட்டப் போங்கள், ஒரு மீட்டருக்குள்.

மிதக்கத் தெரியுமுன் கேமரா

இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. பாயன்ஸி, அதாவது மூழ்காமலும் மேலே எழும்பாமலும் ஒரே ஆழத்தில் மிதப்பது, கைக்கு வராதவர் வியூ ஃபைண்டரைப் பார்த்தபடி முட்டியைப் பவளத்தில் ஊன்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கிளை முறிந்தது. கட்டைவிரல் நீளம் இருக்கும். வகையைப் பொறுத்து, அது திரும்ப வளர வருடங்கள் ஆகும். எதையும் பிடிக்காமல், மணலைக் கிளப்பாமல், ஒரே இடத்தில் ஒரு நிமிடம் மிதக்க முடிகிறதா? முடிந்த பிறகு கேமரா எடுங்கள். அதுவரை அந்தக் காசில் இன்னும் இரண்டு டைவ் போங்கள்.

ஓ-ரிங்குக்கு வாசலின்

கூடவே கூடாது, தேங்காய் எண்ணெயும் கூடாது. ஹவுசிங்கோடு கொடுத்த கிரீஸ் மட்டும், அதுவும் விரலில் மினுமினுக்கிற அளவு. கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, ஓ-ரிங் மடங்காமல் தன் பள்ளத்தில் உட்கார உதவுகிறது. அதிகம் பூசினால் மணலும் முடியும் ஒட்டும். ஒரே ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஓ-ரிங்கை ஊக்கால் நெம்பாதீர்கள். இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் எழும்பி வரும்.

போர் தண்ணீரில் கழுவுவது

டைவ் முடிந்து ஈரம் காயுமுன் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் அழுத்திவிட வேண்டும். ஊருக்கு வந்த பிறகு நம் ஆட்கள் இன்னொரு முறை மாடி டேங்க் தண்ணீரில் அலசுவார்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் படிந்து ஹவுசிங்கின் கம்பியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்து, ஒரு பட்டன் இறுகிவிட்டது. குடிக்கப் பிடிக்கிற காவிரித் தண்ணீர் ஒரு வாளி எடுத்து வையுங்கள்.

முதல் சோதனையே கடலில்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் மாமா வீட்டுக் கிணறு இருக்கிறது. நான் நீச்சல் பழகியது அதில்தான். மழைக்குப் பிறகு முப்பது அடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். புது ஹவுசிங் எது வந்தாலும், ஓ-ரிங் மாற்றினாலும், முதலில் அங்கேதான் போகும். உள்ளே கேமரா கிடையாது, மடித்த டிஷ்யூ பேப்பர் மட்டும். காலி ஹவுசிங் மிதக்கும் என்பதால் வலைப்பையில் ஒரு கருங்கல்லோடு சேர்த்துக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குவேன். ஒன்பதாவது முடிச்சில் நிறுத்தி இருபது நிமிடம். மேலே இழுத்ததும் உடனே திறக்காமல், வெளியே நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் நிற்கிற துளி உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றும். இறக்கும்போதே மெல்லத் தண்ணீருக்குள் விட்டுக் குமிழி வருகிறதா என்றும் பார்ப்பேன். அந்தத் தம்பிக்கு இப்போது ஒரு பழைய டிஜி-6-ம் ஹவுசிங்கும் கிடைத்துவிட்டன. வருகிற ஞாயிற்றுக்கிழமை கயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன். டிஷ்யூ காய்ந்திருந்தால் திங்கட்கிழமை காலை புதுச்சேரிக்கு பஸ் ஏறலாம்.