சாலமாண்டர் கட்டுரையைத் திருத்த உட்காருகிறீர்களா?

தமிழ் விக்கிப்பீடியாவில் உயிரினக் கட்டுரையைத் திருத்த வரும் பலரும் முதலில் கை வைப்பது சந்திப்பிழையில்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும், பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டரின் கட்டுரை என்றால் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த விலங்கைப் பற்றிப் பேசுகிறது என்பதுதான். கேள்வி அசட்டுத்தனமாகத் தெரியலாம், ஆனால் இமயமலைச் சாலமாண்டர் விஷயத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது.

டார்ஜிலிங் பக்கம் வாழும் சாலமாண்டரை நெடுங்காலம் டைலோடோட்ரைட்டன் வெருகோசஸ் என்றே எழுதிவந்தார்கள். 1871இல் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜான் ஆண்டர்சன், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தவர். ஆனால் அவர் விவரித்த விலங்கு கிடைத்த இடம் சீனாவின் மேற்கு யுன்னான். 2015இல் கிழக்கு நேபாளத்துச் சாலமாண்டரை ஆராய்ந்தவர்கள் அது தனி இனம் என்று கண்டு டைலோடோட்ரைட்டன் இமாலயானஸ் என்று பெயரிட்டார்கள், டார்ஜிலிங்கில் இருப்பதும் அதுவே என்று ஆயிற்று. ஆக, பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிய கட்டுரையில் நீளம் யுன்னான் விலங்குடையதாகவும் முட்டையிடும் காலம் டார்ஜிலிங் விலங்குடையதாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே பத்தியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் மேற்கோளையும் திறந்து, அந்தத் தகவல் எந்த ஊர் விலங்கைப் பார்த்து எழுதியது என்று தேடுங்கள். அலுப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

‘இந்தியாவின் ஒரே சாலமாண்டர்’ என்ற வரி கண்ணில் பட்டால் எடுத்துவிடுங்கள். 2023இல் மணிப்பூரின் சைமெங் ஏரிப் பகுதியிலிருந்து டைலோடோட்ரைட்டன் சைமெங் என்ற இன்னோர் இனம் விவரிக்கப்பட்டுவிட்டது. இப்படிப் பெயர் மாறும் செய்திகளுக்கு அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் நீர்நில வாழ்வன பட்டியலையும் ஆம்ஃபிபியாவெப் தளத்தையும் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது, இரண்டும் இலவசம்.

அறிவியல் பெயருக்குப் பின்னால் பெயரிட்டவரைச் சுற்றியிருக்கும் அடைப்புக்குறி அலங்காரம் இல்லை. இனத்தை முதலில் வேறொரு பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் வேறொரு தொகுதியில், வைத்துப் பெயரிட்டு, பிறகு இடம் மாற்றியிருந்தால்தான் அடைப்புக்குறி வரும். ஆக்சலாட்டல் என்ற மெக்சிகோ சாலமாண்டருக்கு வரும், ஏனென்றால் 1798இல் அதை கைரினஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். ஆண்டர்சனுக்கு வராது. அழகுக்காகச் சேர்த்திருந்தால் நீக்குங்கள்.

அடுத்து வாழ்க்கைச் சுழற்சி. தவளைக் கட்டுரையிலிருந்து நகலெடுத்தது அப்பட்டமாகத் தெரியும் இடம் இதுதான். தவளைக்குப் பின்னங்கால் முதலில் வெளியே தெரியும், சாலமாண்டர் குஞ்சுக்கு முன்னங்கால் முதலில் வரும். தலைப்பிரட்டை பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்னும், சாலமாண்டர் குஞ்சு சிறு உயிர்களை வேட்டையாடும். அதன் கழுத்தோரம் இறகு போன்ற வெளிச் செவுள்கள் இருக்கும். வளர்ந்த பிறகும் வால் போகாது. ‘வால் மறைந்து முழு விலங்காகிறது’ என்று எங்காவது இருந்தால், அந்தப் பத்தி முழுவதையுமே சந்தேகப்படுங்கள். நீளத்தையும் பாருங்கள்: மூக்கு முதல் கழிவாய் வரை அளப்பது ஒன்று, வால் நுனி வரை அளப்பது வேறு. வெறுமனே ‘நீளம்’ என்று போட்டால் இரண்டும் கலந்துவிடும்.

பெங்களூரில் உட்கார்ந்து திருத்தும் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. சனி ஞாயிறில் குடகுக்கும் ஆகும்பேவுக்கும் போய்வருபவர்கள் மழையில் எதையோ பார்த்துவிட்டு, ‘மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அங்கே சாலமாண்டர் இல்லை. அவர்கள் பார்த்தது அநேகமாக அரணையாக இருக்கும். அரணைக்குச் செதிலும் நகமும் உண்டு, இமயமலைச் சாலமாண்டருக்கு இரண்டும் கிடையாது. அந்த வரியை நீக்கும்போது உரையாடல் பக்கத்தில் இதை மரியாதையாக விளக்குங்கள், புதியவர் கோபித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதே கையோடு பகுப்பில் ‘ஊர்வன’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லி மாதிரி இருப்பதால் யாராவது போட்டிருப்பார்கள்.

படம் இன்னொரு கண்ணி. உடலோரம் ஆரஞ்சு நிறத்தில் பருக்கள் வரிசையாகப் பளிச்சிட்டால் அது பெரும்பாலும் 1995இல் தனியாகப் பிரிக்கப்பட்ட ஷான்ஜிங் இனம். நம் இமயமலை ஆள் ஒரே சீரான கரும்பழுப்பு. விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் கோப்பின் பெயரை நம்பாதீர்கள், எங்கே எடுத்தது என்று பாருங்கள்.

பாதுகாப்பு நிலையை ஆண்டு போடாமல் எழுதவே கூடாது. 2019இல் டைலோடோட்ரைட்டன் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்ந்தது. 2022 திருத்தத்தில் நம் வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணைகள் ஆறிலிருந்து நான்காகின. பழைய அட்டவணை எண் அப்படியே கிடந்தால் மாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு மொழிக்கு வாருங்கள். ‘இது வாழ்விட இழப்பின் மூலம் அச்சுறுத்தப்படுகிறது’ என்ற இயந்திரத் தமிழை, மேற்கோள் சொல்வதைப் பார்த்து, ‘குளங்களை மூடுவதால் இதன் எண்ணிக்கை குறைகிறது’ என்பதுபோல மாற்றலாம். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழை வீட்டில் கற்ற பிள்ளைகள் சில்க் போர்டு நெரிசலில் கைபேசியில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நான்கு வாக்கியம் போதும்: என்ன விலங்கு, எங்கே வாழ்கிறது, எப்படி இருக்கும், ஏன் கவனிக்கிறோம். அப்புறம் சந்திப்பிழை.

சேமிக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தில் ‘சிறு திருத்தம்’ என்று போடாதீர்கள். ‘2015க்குப் பின் இனம் பிரிந்ததால் யுன்னான் தகவல்கள் வெருகோசஸ் கட்டுரைக்கு நகர்த்தப்பட்டன’ என்று முழுதாக எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரமே யாராவது பழைய புத்தகத்தோடு வந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவார்கள்.